இரண்டாம் பாகம் எழுதும் வழி: வேலூர்க் கோட்டையில் வேற்றுக்கிரகப் போலீஸ்

வேற்றுக்கிரகவாசிகளைக் கண்காணிக்கும் ரகசியப் போலீஸை வைத்து ஒரு நகைச்சுவை நாடகத்தையோ குறும்படத்தையோ எழுதி, அது நான்கு பேரைச் சிரிக்கவும் வைத்துவிட்டால், மேடையை விட்டு இறங்குவதற்குள் யாராவது ஒருவர் ‘அடுத்த பார்ட் எப்போ?’ என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வியை நம்பி எழுத உட்கார்ந்து, ஒருமுறை நன்றாக வழுக்கி விழுந்து, பிறகு எழுந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வேலூரின் சத்துவாச்சாரி பகுதியில் எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்காக நாற்பது நிமிட நாடகம் ஒன்றை எழுதியிருந்தேன். கோட்டைக்குள் யாருக்கும் தெரியாத ஓர் அலுவலகம், கறுப்புக் கோட்டு அணிந்த இரண்டு அதிகாரிகள், நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குவியலுக்குள் கலந்துவிட்ட ஒரு வேற்றுக்கிரக முட்டை, அவ்வளவுதான் கதை. காம்பிலும் புல்லியிலும் முள் இருப்பதால் முட்டைக்கும் காய்க்கும் வித்தியாசம் தெரியாமல் அதிகாரிகள் தவித்த காட்சிக்கு நல்ல சிரிப்பு. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகம் என்று நான் எழுதியதில் கோட்டைக்கு மேலே மூன்று விண்கலங்கள் நின்றன, ஏழு வகை வேற்றுக்கிரகவாசிகள் வந்தார்கள், கிரீன் சர்க்கிளில் ஒரு பெரிய சண்டையும் நடந்தது. மொட்டை மாடியில் ஆறு பேரை உட்காரவைத்து வாசித்துக் காட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மட்டும், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, போன வருஷம் அந்த டீக்கடைக்காரன் கணக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டார்.

முதல் பாகத்தில் அந்த இரண்டு அதிகாரிகளும் ஒரு மாதம் முழுவதும் டீக்கடையில் கடன் சொல்லித்தான் டீ குடிப்பார்கள். கடைசிக் காட்சியில் கடைக்காரரின் நினைவை ஒரு விளக்கொளியால் அழித்துவிட்டுப் போய்விடுவார்கள். நினைவை அழித்ததில் பாக்கியும் அழிந்துவிட்டது என்பதை எழுதிய நானே கவனிக்கவில்லை. அவர் கேட்ட பிறகுதான் இரண்டாம் பாகத்தின் வேலை என்ன என்பது எனக்குப் புரிந்தது. முதல் பாகம் யாரிடம் கடன் வைத்துவிட்டுப் போனதோ, அந்த ஆள் நோட்டோடு வந்து நிற்பதே இரண்டாம் பாகம்.

முதலில் பாக்கிப் பட்டியல்

ஆகவே புதுக்கதை யோசிப்பதற்கு முன், முதல் பாகத்தின் பிரதியைச் சிவப்புப் பேனாவோடு ஒருமுறை படியுங்கள். யாருக்கு நஷ்டம் ஏற்பட்டது, யாருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது, யார் எதை மறக்கவைக்கப்பட்டார்கள், சிரிப்புக்காக உடைக்கப்பட்ட பொருள் யாருடையது என்பதை மட்டும் ஒரு நீள நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். என் நாடகத்தில் இப்படிப் பதினொன்று தேறின. அகழிக்குள் இறங்கிய ஆட்டோவின் சொந்தக்காரர், தொண்ணூறு நாள் தங்கல் அனுமதி பெற்று அதைப் புதுப்பிக்காமல் விட்ட வேற்றுக்கிரகவாசி, டீக்கடைக்காரர் என்று மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மீதி எட்டையும் விட்டதில் எனக்கு வருத்தமில்லை. எல்லாக் கடனையும் ஒரே இரவில் தீர்க்கப் பார்த்தால் அது கதையாக இருக்காது, ஜப்தி நடவடிக்கையாகத்தான் இருக்கும்.

இந்த வகைக் கதைகளில் உலகம் அறிந்த ‘மென் இன் பிளாக்’ வரிசையைப் பார்த்தாலும் இதே கணக்குத்தான் தெரிகிறது. 1997-இல் வந்த முதல் படத்தின் முடிவில் மூத்த அதிகாரி தன் நினைவை அழித்துவிடும்படி இளையவரிடமே கேட்டு, பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார். அந்தப் படத்துக்கு அது நிறைவான முடிவு. 2002-இல் வந்த இரண்டாம் பாகமோ அந்த நிறைவையே பாக்கியாக மாற்றிக்கொண்டது. உலகத்தைக் காப்பாற்றத் தேவையான ஒரு தகவல் அந்த அழிக்கப்பட்ட நினைவுக்குள்தான் இருக்கிறது, அந்த மனிதரோ மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூர்த் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருக்கிறார். முதல் படத்தில் அவரிடம் பாடம் கற்ற இளைஞர் இப்போது அவருக்கே பாடம் எடுக்க வேண்டும். அவர் நம்ப மறுக்கும்போது, அவரோடு தினமும் வேலை செய்யும் தபால் ஊழியர்களே வேற்றுக்கிரகவாசிகள் என்று இளைஞர் காட்டிக் கொடுக்கும் காட்சியில், முதல் பாகத்தில் பார்வையாளர் அடைந்த வியப்பு வேறொரு கதவு வழியாகத் திரும்பி வருகிறது. ரகசியம் ஒருமுறை வெளியான பிறகு பார்வையாளரை மறுபடி வியக்கவைப்பதுதான் இரண்டாம் பாகத்தின் பெரிய சிக்கல். தெரிந்தவரையே தெரியாதவராக்கியது அதற்குக் கெட்டிக்காரத்தனமான விடை என்பது என் கருத்து.

அதே படத்தில் நான் பின்பற்ற விரும்பாத ஒன்றும் உண்டு. முதல் படத்தில் சில நிமிடங்களே வந்து கைதட்டல் வாங்கிய பேசும் நாய்க்கு, இரண்டாம் படத்தில் கோட்டு மாட்டி அதிகாரி வேலையே கொடுத்துவிட்டார்கள். பெருங்காயம் மணக்கிறதே என்று கைப்பிடி அளவு போட்டால் ரசம் என்ன ஆகும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் முதல் பாகத்திலும் ‘கத்தரிக்காய் முட்டை’க்குத்தான் அதிகச் சிரிப்பு வந்தது, அதனாலேயே இரண்டாம் பாகத்தில் அதை ஒரே ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

எதிரியைப் பெரிதாக்குவதும் இதே வகைத் தவறுதான். 2002 படத்தில் எனக்குப் பிடித்த நகைச்சுவை எதுவென்றால், நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு லாக்கரைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டி நாகரிகமே குடியிருந்து, அந்த மூத்த அதிகாரியைக் கடவுளாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் இடம். படத்தின் முடிவில் நம்முடைய உலகமும் வேறு யாரோ வைத்திருக்கும் ஒரு லாக்கர்தான் என்று காட்டிவிடுகிறார்கள். பெரிதாக்க வேண்டிய இடத்தில் சிறிதாக்கியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். லாக்கரை நாம் எடுத்துக்கொள்ள முடியாது, அது அவர்களுடைய சொத்து, முறையை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் மூன்று விண்கலங்களை அடித்துவிட்டு, ஆற்காட்டிலிருந்து வாங்கிவந்த ஒரு டப்பா மக்கன்பேடாவுக்குள் வேற்றுக்கிரகத் தூதுக்குழுவைக் குடியேற்றினேன். முந்திரியும் திராட்சையும் வைத்துச் செய்த உட்புறத்தை மாளிகை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சுற்றியிருக்கும் ஜீராவைக் கடல் என்று நினைக்கிறார்கள். வரவேற்புக் குழுவில் சர்க்கரை நோய் உள்ள ஒருவர், ஒன்றே ஒன்று என்று கைநீட்டுகிறார். இதற்குச் செலவு ஒரு டப்பா இனிப்பு.

கோட்டும் கோட்டையும்

இந்தக் கதையில் சிரிப்பு வருவது வேற்றுக்கிரகவாசியின் தலையில் எத்தனை கொம்பு என்பதிலிருந்து அல்ல, அந்தக் கொம்பை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஒரு குமாஸ்தா யோசிப்பதிலிருந்துதான். ஆகையால் அலுவலகத்தை எங்கே வைப்பது என்பது விண்கலத்தைவிட முக்கியம். வேலூரில் இதற்கு அதிகம் தேட வேண்டியதில்லை. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், அதிகாரம் இல்லாத போலீஸ் என்று இந்த ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. கடைசியில் வரும் போலீஸ், கோட்டைக்குள் இயங்கிய காவலர் பயிற்சிப் பள்ளியைக் குறிக்கிறது என்பார்கள். பயிற்சியில் இருப்பவர்களுக்குச் சீருடை உண்டு, யாரையும் பிடிக்க முடியாது. வேற்றுக்கிரகவாசிகளைக் கண்காணிக்கும் ரகசியத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கும் எல்லா அதிகாரமும் உண்டு, அதை வெளியே சொல்லும் அதிகாரம் மட்டும் கிடையாது.

அந்தக் கேலியின் மற்ற வரிகளில் சில இப்போது பொருந்தாது என்பதையும் எழுதுபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் மறுபடி லிங்கம் வந்துவிட்டது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளமே வந்தது. பழைய கேலியை அப்படியே வசனமாக வைத்தால், முன்வரிசையில் இருந்து யாராவது திருத்துவார். அந்தத் திருத்தத்தையே ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டால் அதுவும் ஒரு சிரிப்பு.

வெளியிலிருந்து வந்தவர்களைக் காவலில் வைத்துப் பழகிய கோட்டை என்பதும் கதைக்கு உதவும். 1799-க்குப் பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தை இங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து, கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கொண்டுவரப்பட்டு 1832-இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. இத்தனை பேரை அரச மரியாதையோடு அடைத்துவைத்த இடத்தில் இன்னும் ஓர் அறை, அதில் மூன்று கண் உள்ள ஓர் இளவரசர், அவருக்குத் தினமும் பிரியாணி ஆம்பூரிலிருந்துதான் வர வேண்டும் என்ற பிடிவாதம் என்று கொண்டுபோனால், பார்ப்பவர் அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடாமல் அரை மனதோடு நம்பத் தொடங்குவார். அந்த அரை நம்பிக்கை போதும்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலப் படத்தில் கறுப்புக் கோட்டு ஆளை மறைக்கிறது. நம் ஊரில் அது ஆளைக் காட்டிக் கொடுக்கும். மே மாதத்தில் 42, 43 டிகிரி அடிக்கும் ஊரில் கறுப்புக் கோட்டோடு நடப்பவர் வக்கீலாகத்தான் இருப்பார் என்பது எல்லோருடைய முடிவு. எங்கள் முதல் பாகத்தில் இந்தக் கேலியை நான் பயன்படுத்தவே இல்லை. இரண்டாம் பாகத்தில், அதிகாரிகள் எந்தத் தெருவில் இறங்கினாலும் யாராவது ஒருவர் பத்திரத்தோடு ஓடிவந்து ‘சார், இதுல ஒரு நோட்டரி கையெழுத்து’ என்று நிற்கிறார். மூன்றாவது முறை அப்படி வரும்போது இளையவர் சலித்துப்போய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பத்திரம் வேற்றுக்கிரகவாசி ஒருவர் காட்பாடியில் மனை வாங்கிய பத்திரம் என்பது இருபது நிமிடம் கழித்துத் தெரிகிறது. ஒரு கேலியை இரண்டு முறை வெறும் கேலியாக விட்டு, மூன்றாவது முறை அதைக் கதையின் முடிச்சாக ஆக்குவது எந்த நகைச்சுவைக்கும் பொருந்தும் பழைய உத்தி.

ஒளிந்துகொள்ள நல்ல ஊர்

வேற்றுக்கிரகவாசி எங்கே ஒளிந்திருப்பார் என்ற கேள்விக்கு, காடு, மலை, குகை என்று பதில் சொல்பவர்கள் சோம்பேறி எழுத்தாளர்கள். அயலார் கூட்டம் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் அயலார் தெரியமாட்டார். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் எல்லைக்கு அப்பால் வங்கதேசத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருப்பார்கள்; கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும்; காய்கறி விற்கும் அம்மா அரைகுறை இந்தியில் பேரம் பேசுவார். இந்தத் தெருவில் ஒருவர் புரியாத மொழியில் பேசினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ‘எந்த டிபார்ட்மெண்ட் போகணும்?’ என்று வழி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் நாடகத்தில் ஆண்டுக்கணக்கில் ஒரு லாட்ஜ் அறையில் தங்கியிருக்கும் வேற்றுக்கிரகவாசியை, துணைக்கு வந்தவர் என்றே அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாருடைய துணைக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது இடம், அலுவலகக் கோப்பு. இதை எனக்குக் கொடுத்தவரும் அந்தத் தாலுகா அலுவலகப் பெரியவர்தான். நம் கதையின் வேற்றுக்கிரகவாசி நீண்ட ஆயுள் உள்ளவர், நூற்றிருபது ஆண்டுகளாக வாலாஜாபேட்டையில் ஒரே தெருவில் ஒரே வீட்டில் குடியிருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் பதிந்தபோது வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரம் சித்தூர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானதும் தலைநகரம் வேலூர். 1989-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது அவர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்துக்காரர். பிறகு அதே மாவட்டம் வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததும் அவர் ராணிப்பேட்டை மாவட்டத்துக்காரர் ஆகிவிட்டார். வாசல்படியைக் கூட மாற்றாத அவருடைய தங்கல் அனுமதியில் இதுவரை ஐந்து முகவரிகள். ஆறாவது ஒன்று வருவதற்குள் தன் சொந்தக் கிரகத்துக்கே போய்விடுகிறேன் என்று அவர் கண்ணீர் விடுகிறார். போவதற்கும் இருப்பிடச் சான்று வேண்டும் என்று இளைய அதிகாரி தயங்கித் தயங்கிச் சொல்கிறார். ஒத்திகையில் இந்தக் காட்சிக்கு ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் சிரித்ததைப் பார்த்தால், அவர்கள் வேற்றுக்கிரகவாசியை நினைத்துச் சிரித்ததாகத் தெரியவில்லை.

வந்த வழி

எங்கே ஒளிந்தார் என்பது முடிவான பிறகு, எப்படி வந்தார் என்பதைச் சுருக்கமாகவும் சரியாகவும் சொல்லிவிட வேண்டும். அறிவியல் புனைவில் ஒரே ஒரு உண்மையான தகவல் பத்துக் கற்பனைகளைத் தாங்கும். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அந்தத் தகவல் ஜவ்வாது மலையில் இருக்கிறது. ஆலங்காயத்துக்கு அருகே காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான அடையாளத்தைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-இல் இங்கிருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இத்தனை கூர்மையான கண் பக்கத்திலேயே இருக்கும்போது விண்கலம் எப்படி இறங்கியது என்று முன்வரிசை மாணவர் ஒருவர் கேட்பார். அதற்கு இரண்டு பதில்கள் உண்டு, இரண்டும் உண்மையானவை. பெரிய தொலைநோக்கி ஒரு நேரத்தில் வானத்தின் மிகச் சிறிய துண்டு ஒன்றைத்தான் பார்க்கும். வெகுதொலைவில் மங்கலாக இருப்பதைப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவிக்கு, மலையடிவாரத்தில் இறங்குவது தெரியாது. மேலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மூடிய இரவுகளில் குவிமாடத்தைத் திறக்கவே மாட்டார்கள். ஆகவே உங்கள் விருந்தாளியை ஐப்பசியில் இறக்குங்கள். இதை விளக்கமாகச் சொல்லாமல், ‘மழை நாளாப் பார்த்துத்தான்டா வந்திருக்கான், விவரமானவன்’ என்று மூத்த அதிகாரி ஒரு வரியில் சொன்னால் போதும்.

விண்ணிலிருந்து விழுவதைப் பற்றி எழுதும்போது நம் பகுதியில் ஓர் எச்சரிக்கையும் தேவை. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏற்பட்ட வெடிப்பில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் விழுந்ததே காரணம் என்று மாநில அரசு அறிவித்தது, நாசா விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. ‘அது விண்கல்லே இல்லை, எங்கள் ஆள்’ என்று ஒரு வசனம் வைக்க என் கூட்டாளி ஒருவர் ஆசைப்பட்டார். வேண்டாம் என்று மறுத்துவிட்டேன், அதற்காக அரை மணி நேரம் சண்டையும் போட்டேன். இறந்துபோன ஓட்டுநருடைய வீட்டார் இதே பகுதியில் இருக்கிறார்கள், அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து இந்த நாடகத்தைப் பார்க்கக்கூடும். மேலே சொன்ன ஆங்கிலப் படத்தின் இரண்டாம் பாகத்திலும், உச்சக்கட்டக் காட்சியில் நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கட்டடங்கள் இடம்பெற்றிருந்தன. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அதை எடுத்துவிட்டு, சுதந்திரதேவி சிலைக்கு அருகில் முடிவை மாற்றி அமைத்தார்கள். அதே காரணத்துக்காக, லாட்ஜ் காட்சியில் நோயாளிகளைக் கேலி செய்யும் வரி ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொண்டேன். ஜவ்வாது மலைவாசிகளை ‘எதையும் நம்புகிறவர்கள்’ என்று காட்டுவதும் கிடையாது. எங்கள் கதையில் விண்கலத்தை முதலில் பார்த்தவர் சாமைக் கொல்லையில் காவல் இருந்த ஒரு பாட்டி. அவர் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

நோட்டைத் திறந்து காட்டுதல்

பட்டியலில் எடுத்த கடன்களில் ஒன்றை மட்டும் நிதானமாக, பொருளோடும் தொகையோடும் காட்டுங்கள். டீக்கடைக்காரரின் நோட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே நான் ஒரு நாள் செலவழித்தேன். நீளவாக்கில் மடித்த, அட்டை நைந்த நோட்டு; முதல் வரியில் பிள்ளையார் சுழி; பக்க ஓரத்தில் டம்ளர் வைத்த பால் வட்டம்; பெயர் தெரியாத வாடிக்கையாளர்களுக்கு அடையாளப் பெயர்கள், ‘பல்சர் தம்பி’, ‘ஈ.பி. சார்’, ‘கோட்டு சார் ரெண்டு பேர்’. கடைசிப் பெயருக்கு நேரே: டீ 40, வடை 17, ஆக 650. டீ பன்னிரண்டு ரூபாய், வடை பத்து ரூபாய் என்று விலைப் பலகையும் மேடையில் தொங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு பையன் வாய்விட்டுப் பெருக்கிப் பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டினான். தொகை சரியாக இருப்பதால் வரும் சிரிப்பை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நினைவை அழிக்கும் கருவிக்கு எங்கள் நாடகத்தில் ‘டார்ச்’ என்றே பெயர். முதல் பாகத்தில், வேறு ஒரு வாடிக்கையாளர் மீது அதை அடித்ததை டீக்கடைக்காரர் பார்த்திருப்பார். அந்த ஒரு விவரத்தின் மேல்தான் கீழே உள்ள காட்சி நிற்கிறது.

டீக்கடைக்காரர்: இன்னா சார், உங்க மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. ஆனா என் நோட்டு பாத்துகீது.

இளையவர்: இல்லணா, நாங்க இந்த ஊருக்கே இன்னைக்குத்தான் வர்றோம்.

டீக்கடைக்காரர்: அப்டியா? அப்போ இது யாரு கையெழுத்து? என்னுதுதான். எழுதுனது ஞாபகம் இல்ல. ஞாபகத்துல இருந்தா மன்னிச்சுகூட உட்டுருவேன் சார். எழுதி வச்சுட்டேனே, எப்டி உடறது?

மூத்தவர் (டார்ச்சை எடுத்தபடி): ஒரு நிமிஷம் இங்க பாருங்க.

டீக்கடைக்காரர்: ஆங், அந்த லைட்டு. அதுவும் அடுத்த பக்கத்துல எழுதிகீது. (வாசிக்கிறார்) ‘கோட்டு சாரு லைட்டு எடுத்தா கண்ண மூடிக்கோ.’ (கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையை மட்டும் நீட்டுகிறார்.) அறநூத்தி அம்பது.

இந்தக் காட்சியில் வேற்றுக்கிரகவாசி இல்லை, விண்கலம் இல்லை, ஓடிப்பிடிப்பதும் இல்லை. ஆனால் அந்தக் கருவியால் வெல்ல முடியாத முதல் எதிரி இவர்தான் என்பது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. இதற்குப் பிறகு கதையின் மற்ற முடிச்சுகளை அவிழ்க்க அதிகாரிகள் இவரிடமே வந்து நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த மாதத்தில் யார் யார் கடைக்கு வந்தார்கள் என்ற பதிவு உலகத்திலேயே அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. கடைக்காரர் பேசும் ‘கீது’வையும் ‘உடறது’வையும் யாராவது திருத்தச் சொன்னால் கேட்காதீர்கள். அதே சமயம் எல்லாப் பாத்திரங்களையும் அப்படிப் பேசவைத்தால் அது கொச்சைக்கேலியாகிவிடும். மூத்தவர் அலுவலகத் தமிழ் பேசட்டும். இளையவர், காவல் துறை வழக்கப்படி, மூத்தவரை ‘ஐயா’ என்றும் கடைக்காரரை ‘ணா’ என்றும் அழைக்கட்டும். வேற்றுக்கிரகவாசிதான் செந்தமிழ் பேச வேண்டும், பாவம், அவர் புத்தகத்தைப் பார்த்துக் கற்றவர்.

நீளத்தைப் பொறுத்தவரை, முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகம் சிறியதாக இருப்பதே நல்லது. ‘மென் இன் பிளாக்’ முதல் படம் 98 நிமிடம், இரண்டாவது 88 நிமிடம். உலகத்தை அறிமுகப்படுத்தும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதால் மிச்சப்படும் நேரம் அது. அதை நிரப்பத்தான் பலர் பாட்டையும் சண்டையையும் சேர்க்கிறார்கள். எங்கள் நாற்பது நிமிடம் முப்பத்துநான்கு ஆனது. வெட்டியதில் எனக்கு மனம் நொந்தது ஒரே காட்சிதான்: அகழியில் இறங்கிய ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் கேட்டு உரிமையாளர் எழுதும் விண்ணப்பம். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் டீக்கடை நோட்டும் விண்ணப்பமும் ஒரே வேலையைச் செய்தன, ஒன்று போதும்.

குறும்படமாக எடுப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். உள்ளே படப்பிடிப்பு நடத்த அந்தத் துறையின் முன் அனுமதி தேவை. அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது கதைச் சுருக்கத்தையும் தெளிவாக எழுதி இணைத்துவிடுங்கள். அனுமதி கிடைக்கத் தாமதமானால், கோட்டைக்குள் நடக்கும் காட்சிகளை ஒரு பழைய கருங்கல் கட்டடத்தின் அறையில் எடுத்துவிடலாம், ரகசிய அலுவலகம் எப்படி இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது என்ற வசதி உங்களுக்கு இருக்கிறது. டீக்கடைக் காட்சியை மட்டும் உண்மையான கடையில், மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைந்த வேளையில் எடுங்கள். கடைக்காரர் எழுதும் நோட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, உங்கள் மேடை நோட்டை அதே அளவில் செய்துகொள்ளுங்கள்.